முகத்தைக் கொண்டுபோய்க் காட்டியவன்

தங்கச்சிமடத்தில் வேதநாயகம் வீட்டில் மூன்று போன் உண்டு. எது யாருடையது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. விடிவதற்கு முன்னால் வேதநாயகம் கடலுக்குக் கிளம்பும்போது அலமாரித் தட்டில் கையை விட்டுப் பார்ப்பார். எதில் சார்ஜ் நிறைய இருக்கிறதோ அதை எடுத்துப் பாலிதீன் பையில் போட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றி, சோறு இருக்கும் தூக்குவாளியோடு படகில் வைத்துக்கொள்வார். கரையில் இருக்கிறவனுக்குப் போன் இல்லாவிட்டால் நாலு வீடு நடந்துபோய்ப் பேசிக்கொள்ளலாம். கடலில் இருக்கிறவன் எங்கே நடப்பான்? அந்தத் தெருவில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். துடுப்பு, நங்கூரம், தண்ணீர்க் கேன், போன், எல்லாமே படகுச் சாமான்தான்.

இந்த வழக்கம் பிறகு ஒருநாள் வேதநாயகத்தின் மகன் ஜோஸ்வினை மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வைத்தது.

ஜோஸ்வின் பிறந்தபோது அவன் அக்கா ரெஜினாவுக்கு எட்டு வயது. அம்மா மீன் விற்கப் போகும் நாளெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தது அவள்தான். அதனால் அவனுடைய முகத்தை அவளைப்போல் படித்தவர்கள் யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். பங்குச் சாமியார் வீட்டுச் சப்போட்டா மரத்தை நாலைந்து பையன்கள் சேர்ந்து காலி செய்தபோது, சாமியார் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே இவன் காது செம்பருத்திப் பூவாகிவிட்டது. மற்ற பையன்கள் அவனை ஒரு மாதம் விளையாட்டில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பொய் சொல்வதையே விட்டுவிட்டான். நல்ல பையன் என்பதால் அல்ல, தனக்கு அது வராது என்று தெரிந்துகொண்டதால்.

மற்றபடி அவன் ஒன்றும் பெரிய உத்தமன் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். பத்தாவதில் கணக்கில் தோற்று, எழுதி, மறுபடியும் தோற்றான். பதினெட்டு வயதில் அய்யா வேதநாயகத்தோடு படகேறினான். நண்டு வலை இழுப்பதில் நல்ல கை என்று பெயர் வாங்கினான். கோபம் மட்டும் மூக்குக்கு மேலே இருந்தது.

அந்தக் கோபம்தான் அவனைக் கெடுத்தது. ஒருநாள் அவர்கள் விரித்திருந்த நண்டு வலையின் மேல் ஆன்டனி ராஜ் என்பவருடைய படகு ஏறிப்போய், வலை பாதிக்குமேல் கிழிந்தது. படகுத் துறையில் வேதநாயகம் நியாயம் கேட்டார். ஆன்டனி ராஜ், “என்ன பெருசு, கடல் பூராவும் உம்ம பேருல பட்டா போட்டிருக்கா?” என்று கேட்டு அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். ஜோஸ்வின் கையில் துடுப்பு இருந்தது. ஒரே அடிதான். ஆன்டனி ராஜின் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடினாலும் கோணலாகத்தான் கூடியது.

வழக்கு ராமநாதபுரத்தில் நடந்தது. ஆன்டனி ராஜ் ஈரத்தில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லச் சொல்லி வக்கீல் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார். நீதிபதி கேட்டதும் ஜோஸ்வின், “அடிச்சேன் சார்” என்றான். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதியோ, இதுவே முதல் குற்றம் என்பதையும் அவன் வயதையும் பார்த்து, ஜெயிலுக்கு அனுப்பாமல் இரண்டு வருடம் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் இருக்கும்படி வெளியே விட்டார். நிபந்தனைகள் இருந்தன. ஆன்டனி ராஜ் பக்கம் போகக் கூடாது. அவர் படகு கட்டும் துறைக்கும் போகக் கூடாது. மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒழுங்காக ஒரு வேலை செய்ய வேண்டும். தவறினால் வெளியே விட்ட உத்தரவு ரத்தாகி, பழைய வழக்குக்கு ஜெயில் தண்டனை வரும்.

வேதநாயகத்தின் படகும் அதே துறையில்தான் கட்டிக்கிடந்தது. ஆகவே ஜோஸ்வினுக்குக் கடல் போயிற்று. மண்டபத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த வாவு முகம்மது, பெரியபட்டினத்துக்காரர், அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதல் மாதம் ஸ்பேனரைத் துடைத்து அடுக்கினான். ஒரு வருடத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லப் பழகினான். துறைக்குப் போக முடியாதவனைத் தேடித் துறையிலிருந்து எஞ்சின்கள் லோடு ஆட்டோவில் வர ஆரம்பித்தன. ரெஜினா நண்டு கம்பெனியில் நண்டுச் சதை எடுக்கும் பெண்களிடம் இதைச் சொல்லாத நாள் இல்லை. “எந்தம்பி கை வச்சா எஞ்சின் தூங்கவே தூங்காது” என்பாள். அவர்கள், “உந்தம்பி கை வச்சதுல ஒரு ஆளுக்குக் கையே கோணிப்போச்சே” என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

வாரம் ஒருமுறை அவன் ராமநாதபுரம் போய் நன்னடத்தை அலுவலர் மாலதியின் முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கும் காத்திருப்புக்கும் ஒருநாள் வேலை போய்விடும். சில மாதம் கழித்து மாலதி அவனைக் கூப்பிட்டு, சிலருக்கு மட்டும் சோதனையாக ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது, விருப்பமா என்று கேட்டார். போனில் ஒரு செயலி போடுவார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று அலுவலகத்துக் கணினியில் ஒரு புள்ளி காட்டும். போகக் கூடாத துறையைச் சுற்றி வரைபடத்தில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும், புள்ளி அதற்குள் போனால் எச்சரிக்கை வரும். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் போன் மணியடித்து முகத்தைக் காட்டச் சொல்லும். காட்டி, அன்றைய தேதியை வாய்விட்டுச் சொன்னால் போதும், திரை பச்சையாகும். மாதம் ஒருமுறை வீடியோவில் பேச்சு. அலைச்சல் மிச்சம்.

ஜோஸ்வின் சந்தோஷமாகத் தலையாட்டினான். கூடப் போயிருந்த ரெஜினாதான் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

“இனிமே இது போன் இல்லம்மா,” என்றார் மாலதி. “இதுதான் உங்க தம்பி. இது எங்க இருக்கோ அங்கதான் அவரு இருக்காருன்னு அர்த்தம். சார்ஜ் இல்ல, சிக்னல் இல்ல, தண்ணில விழுந்துருச்சு, இதெல்லாம் விசாரிச்சு விட்டுரலாம். ஆனா இதை இன்னொருத்தர் கையில குடுத்துட்டாருன்னா அதுதான் பெரிய தப்பு. ஏமாத்துறதுக்குன்னே செஞ்சதா எடுத்துக்குவாங்க. நேரா கோர்ட்டுக்குப் போயிரும்.”

அன்று சாயங்காலமே ரெஜினா பிறந்த வீட்டுக்கு வந்து, மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை அடித்து, சார்ஜர் வயரையும் அங்கே இழுத்துவிட்டாள். இது ஜோஸ்வின் போனுக்கு மட்டும். மற்ற போன்கள் அலமாரித் தட்டில். “அய்யா, வெளங்குச்சா?” என்று கேட்டாள். வேதநாயகம், “மாதாகிட்ட இருக்குறதைத் தொடுவனா தாயி?” என்றார்.

செயலி வந்தபிறகு ஜோஸ்வினுக்கு ஒரு வழக்கம் வந்தது. எதில் சந்தேகம் வந்தாலும் செய்வதற்கு முன்னால் கேட்டுவிடுவான். ஒருநாள் ஆன்டனி ராஜின் படகு எஞ்சினே கடைக்கு வந்து இறங்கியது. வேறு ஒரு ஆள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். ஜோஸ்வின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி நின்றான். வாவு முகம்மது, “என்ன தம்பி, எஞ்சின் கடிச்சிருமா?” என்றார். இவன் மாலதிக்கு போன் போட்டு, “மேடம், அவரு பக்கம் போகக் கூடாதுன்னு இருக்கு. அவரு எஞ்சினைத் தொடலாமா?” என்று கேட்டான். மாலதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எஞ்சின் மேல கேஸ் இல்ல ஜோஸ்வின், தொடுங்க” என்றார். அதைப் பிரித்து, கழுவி, தேய்ந்துபோன வாஷரையெல்லாம் மாற்றி, புதிதுபோல் கட்டிக்கொடுத்தான். வாவு முகம்மது அந்தக் கதையைக் கடைக்கு வந்த ஒருத்தர் விடாமல் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

மாதா திருவிழா நெருங்கியபோது அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். மாதா படத்தையும் பலகையையும் கழற்றி வைத்துவிட்டு, ஜோஸ்வின் போனை, ஒரு ராத்திரிதானே என்று, அலமாரித் தட்டில் மற்ற போன்களோடு வைத்தாள். விடியுமுன்னே வேதநாயகம் எழுந்தார். தட்டில் கையை விட்டார். தன் போனில் சார்ஜ் இல்லை. இன்னொன்றில் நிறைய இருந்தது. பாலிதீன் பை, ரப்பர் பேண்டு, தூக்குவாளி. படகு துறையை விட்டுப் போய்விட்டது.

காலையில் அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த தெருவிலிருந்த ரெஜினா ஓடிவந்தாள். அன்றைக்கு நண்டு வரத்து இல்லாததால் கம்பெனி லீவு. ஜோஸ்வின் கையில் அய்யாவின் செத்த போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரெஜினாவுக்கு உடனே புரிந்துவிட்டது. போன் துறைக்குள் போயிருக்கிறது, அதாவது சிவப்பு வட்டத்துக்குள். அதுவும் இன்னொருத்தர் கையில். மாலதி எதைப் பெரிய தப்பு என்று சொன்னாரோ அதே தப்பு. தன் போனிலிருந்து தம்பியின் நம்பரை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எஞ்சின் இரைச்சலில், பாலிதீன் பைக்குள் அடிக்கிற மணி யாருக்குக் கேட்கும்? மாலதியை அழைத்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோர்ட்டில் இருந்தால் மேடம் அப்படித்தான் வைப்பார்.

அய்யாவின் தம்பி மரியசெல்வம் தேநீர் டம்ளரோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஏதோ சின்னச் சிக்கல்போலத்தான் இருந்தது.

“ஏலே, இதுக்குப் போயி எதுக்குலே மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்க? போன் தண்ணியில விழுந்துருச்சுன்னு சொல்லு. கடக்கரையில தெனம் ஒரு போன் தண்ணியில விழத்தான செய்யுது.”

“விழலையே சித்தப்பா.”

“விழலையா? சாயங்காலம் அண்ணன் வரட்டும். நான் வாங்கி ஒரு வாளித் தண்ணியில போட்டுத் தாரேன். அப்ப விழுந்துருச்சுல்ல? அப்ப பொய் இல்லல்ல?”

அம்மா கோபத்திலும் சிரித்துவிட்டாள். ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா சொல்வதுதான் சரியென்று அவளுக்கே தோன்றியது. தண்ணீரில் விழுந்தது என்றால் விசாரித்து விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் கோர்ட். இத்தனை மாதம் ஒழுங்காக இருந்ததெல்லாம் ஒரு காலைப்பொழுதில் கடலோடு போய்விடும். கடையில் வாங்கிய பெயரும் போகும். ஜெயிலுக்குப் போய்வந்தவன் கையில் யார் எஞ்சினைக் கொடுப்பார்கள்?

“தம்பி, சித்தப்பா சொல்றதையும் கொஞ்சம் யோசி” என்றாள் மெல்ல.

ஜோஸ்வின் எழுந்து சட்டையை மாட்டினான். “அக்கா, அந்த போன் நம்மகிட்ட என்ன கேக்கும்? மொகத்தைக் காட்டுன்னு கேக்கும். போன் இல்லாட்டி என்ன? மொகம் இங்கனதான இருக்கு. கொண்டுபோயிக் காட்டிட்டு வாரேன்.”

“போ போ,” என்றார் மரியசெல்வம். “ஒம் மொகத்தைப் பாத்துட்டு அங்கன மாலையோட நிக்கிறாக.”

“நீ உண்மையைச் சொன்னா உள்ள வச்சிருவாகடா,” என்றாள் ரெஜினா.

“வைக்கலாம். ஆனா பொய் சொல்லிட்டு, அப்புறம் தெனம் அதே மேடத்துக்கு மொகத்தைக் காட்டணும்ல அக்கா. அது என்னால ஏலாது.”

ரெஜினா எழுந்தாள். தலையை வாரி, செருப்பைப் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பினாள். பஸ் ஸ்டாப்பில் அவள் போனை வாங்கி வாவு முகம்மதுவிடம் விஷயத்தைச் சொன்னான். “போயிட்டு வா தம்பி. நேராச் சொல்லு. இன்ஷா அல்லாஹ் நல்லபடியா முடியும்,” என்றார் அவர். “அந்த யமஹா எஞ்சினை நானே பாத்துக்கிறேன், நீ வந்து திட்டாதே.”

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீரில் நாட்டுப் படகுகள் சிதறிக் கிடந்தன. ஜோஸ்வின் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, அந்தா தெரியுது பாரு, நம்ம பச்சைப் படகு. அங்கன நான் போயிக்கிட்டிருக்கேன்” என்றான்.

ரெஜினா அவன் தோளில் ஒன்று வைத்தாள். ஜெயில் வாசலில் நின்றாலும் இவனுக்கு விளையாட்டுத்தான். ஆனால் அவன் கை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததையும் அவள் பார்த்தாள்.

அலுவலகத்தில் உதவியாளர் சோணைமுத்து மட்டும் இருந்தார். “நீங்கதான் போன்ல வர்ற ஆளாச்சே, நேர்ல எதுக்கு?” என்றார். ஜோஸ்வின் விஷயத்தைச் சொன்னதும், “ஏம்ப்பா, அந்தப் பொட்டியில உன் பேருல காலையில இருந்து சிவப்பா எரிஞ்சுக்கிட்டிருக்கே, நீ என்னடான்னா இங்கன நிக்கிற” என்று பெஞ்சைக் காட்டினார். இருவரும் உட்கார்ந்தார்கள். ரெஜினா ஜெபமாலையை முந்தானைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மாலதி மதியம் வந்தார். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஊர்க்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் நாற்று நட்டுப் படிக்க வைத்தவர்கள் என்று ஒருதரம் ரெஜினாவிடம் சொல்லியிருக்கிறார். அதிகம் சிரிக்காதவர். பெஞ்சில் ஜோஸ்வினைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்க இங்கன இருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

கணினியைத் திறந்து இவர்கள் பக்கம் திருப்பினார். நீலமாகக் கடல். அதன் நடுவில் ஜோஸ்வின் பெயரோடு ஒரு சிவப்புப் புள்ளி. “அங்கயும் இருக்கீங்க.”

ஜோஸ்வின் எழுந்து நின்று சொன்னான். போன் மாறிப்போனது, அய்யா எடுத்துப்போனது, துறைக்குள் போனது போன்தான், தான் இல்லை என்பது. ஒரு வார்த்தை கூட்டவில்லை. அம்மா இடம் மாற்றி வைத்ததை மட்டும் சொல்லாமல் விட்டான். ரெஜினாதான் அதையும் எடுத்துச் சொன்னாள்.

மாலதி கணினியை நோக்கிக் குனிந்தார். திரையில் எதையோ தொட்டார். “பதினோரு மணிக்கு முகம் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கு. மூணு தடவை ‘முகம் பொருந்தவில்லை’ன்னு வந்திருக்கு. யாரு காட்டுனாங்கன்னு பாப்போம்.”

முதல் வீடியோவில் ஒரே இருட்டு. பாலிதீன் பையின் மடிப்பும், பெரிதாக ஒரு கட்டைவிரலும் தெரிந்தன. இரண்டாவதில் தலையில் துண்டு கட்டிய வேதநாயகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போனை ரொம்பக் கிட்டத்தில் பிடித்துப் பேசினார்.

“தாயி, நான் ஜோஸ்வின் அய்யா. பய வீட்டுல இருக்கான். போனை நாந்தான் மாத்தி எடுத்தாந்துட்டேன். அவனை ஒண்ணும் சொல்லாதீக. மொகம் வேணும்னா இந்தா, எம் மொகத்தைப் பாத்துக்கோங்க.”

மூன்றாவதிலும் அவர்தான். “இன்னும் அடிக்குதுடா இது, நிக்க மாட்டேங்குது” என்றார். பக்கத்திலிருந்து இன்னொரு குரல், “மீனையும் காட்டுங்க மச்சான், அந்த அம்மா சந்தோசப்படட்டும்” என்றது. வேதநாயகம் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கித் தன் கன்னத்தோடு வைத்துப் பிடித்தார். அவர் முகத்தைவிட மீன் முகம் பெரிதாக இருந்தது.

சோணைமுத்து வெளியே போய்ச் சிரித்தார். மாலதி வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்சம் கழித்துத் துடைத்துக்கொண்டு, பழைய முகத்தோடு ஜோஸ்வினைப் பார்த்தார்.

“தண்ணில விழுந்துருச்சுன்னு ஏன் சொல்லல? முக்கால்வாசிப் பேரு அதைத்தான் சொல்றாங்க.”

“எனக்குக் காது செவந்துரும் மேடம்.”

மாலதிக்குப் புரியவில்லை. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் காதை ஒருதரம் பார்த்தாள். அது சாதாரணமாக இருந்தது.

“இதை என்னால மறைக்க முடியாது,” என்றார் மாலதி. “நீங்களே மறைக்காதப்ப நான் மறைச்சா நல்லாவும் இருக்காது. போன் இன்னொருத்தர்கிட்ட இருந்தா கோர்ட்டுக்குத் தெரிவிச்சே ஆகணும். நீங்க தானா வந்து சொன்னீங்கன்னு எழுதுறேன். வீடியோவையும் வைக்கிறேன். ஆனா புள்ளி துறைக்குள்ள போயிருக்கு. நீங்க அந்த நேரத்துல அங்க இல்லைன்னு நீதிபதிக்குத் தெரியணும். அடி வாங்குனவரை, ஆன்டனி ராஜை, கூப்பிட்டுக் கேப்பாங்க.”

ரெஜினா ஜெபமாலை உருட்டுவதை நிறுத்தினாள். ‘வந்தான்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கோணல் மணிக்கட்டோடு வாழ்கிறவர் ஏன் சொல்லமாட்டார்?

கோர்ட்டுக்குப் போகும் நாள்வரை அவள் சும்மா இருக்கவில்லை. சாமியாரை விட்டுப் பேசச் சொல்லலாமா, ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தாள். ஜோஸ்வின் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கம் போகக் கூடாது என்றால், வேறு ஆளை அனுப்புவதும் போவதுதானே என்றான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆன்டனி ராஜ் அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது நேருக்கு நேர் எதிரே வந்தார். கேட்டுவிடலாமென்று வாய் வரைக்கும் வந்தது. தம்பி கட்டிக்காக்கிற ஒன்றைத் தன் வாயால் உடைக்கக் கூடாது என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டதில்லை.

கோர்ட்டுக்கு அம்மாவும் வந்திருந்தாள். நீதிபதி முதலில் வேதநாயகத்தைத்தான் கேட்டார்.

“அது உங்க மகன் போன்னு தெரியாதா?”

“தெரியும் சார். வீட்டுப் போன்தான எல்லாம்.”

“பின்னே ஏன் எடுத்தீங்க?”

“அதுலதான் சார், சார்ஜ் இருந்துச்சு.”

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். நீதிபதி வீடியோவைப் பார்த்தார். பாரை மீன் வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து ஆன்டனி ராஜைக் கூப்பிட்டார்கள்.

அவர் வந்து நின்று, ஜோஸ்வினை ஒரு பார்வை பார்த்தார். வலது கையால் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

“அன்னைக்குக் காலையில நீங்க துறையில இருந்தீங்களா?” என்றார் நீதிபதி.

“இருந்தேன் சார்.”

“இவரு அங்க வந்தாரா?”

“வந்தான்னு சொல்லிரலாம்னுதான் நேத்து வரைக்கும் இருந்தேன்.” மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். “வரலை சார். இவுக அய்யாவும் இன்னொரு ஆளும்தான் படகை எடுத்தாக. நான் கண்ணால பாத்தேன். இவன் வரமாட்டான் சார். என் எஞ்சின் பழுதாயி பாய் கடைக்குப் போனப்ப, அதைத் தொடலாமா வேண்டாமான்னு மேடத்துக்கிட்ட கேட்டுட்டுத் தொட்டவன். எஞ்சினைத் தொடவே பெர்மிஷன் கேக்குறவன் துறைக்கு வருவானா?”

“அப்ப உங்களுக்கு இவரு மேல கோபம் இல்ல?”

“இருக்கு சார். எனக்கு அவனைப் பிடிக்காது. அது வேற.”

சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். ஜோஸ்வின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் கலங்கியிருந்தது. துடுப்பை ஓங்கிய நாளிலிருந்து அந்த முகத்தில் ரெஜினா பார்க்காத ஒன்று அதில் இருந்தது. வெட்கம் என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

நீதிபதி நிபந்தனையை மாற்றவில்லை, தண்டனையும் கொடுக்கவில்லை. நிபந்தனை மீறப்படவில்லை, கண்காணிப்பு முன்போலவே தொடரலாம் என்று சொன்னார். பிறகு வேதநாயகத்தைப் பார்த்து, “பெரியவரே, ராத்திரி படுக்கும்போது உங்க போனுக்கும் சார்ஜ் போடுங்க” என்றார்.

“இனிமே மாதாகிட்டயே நானும் வச்சுக்கிறேன் சார்,” என்றார் வேதநாயகம்.

“ஐயோ வேணாம்,” என்றார் மாலதி, நீதிமன்றம் என்பதையும் மறந்து.

வெளியே வராண்டாவில் ஆன்டனி ராஜ் தூரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஜோஸ்வின் அந்தப் பக்கம் போகாமல் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றான். நின்ற இடத்திலிருந்து கையெடுத்துக் கும்பிடலாமா என்று மாலதியைக் கண்ணால் கேட்டான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜோஸ்வின் கும்பிட்டான். ஆன்டனி ராஜ் பார்த்தாரா இல்லையா தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அப்போது ஜோஸ்வின் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்தான். ‘உங்கள் முகத்தைக் காட்டுங்கள்’ என்றது.

“இந்த நேரத்துலயா?” என்று அம்மா கிட்டே வந்தாள். ரெஜினாவும் அவன் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தாள். திரையில் மூன்று முகமும் தெரிந்தன. மூன்றும் அழுது வீங்கியிருந்தன. ‘படத்தில் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும்’ என்றது போன்.

“அட, வெளகுங்க” என்றான் ஜோஸ்வின் சிரித்துக்கொண்டே.

ரெஜினா அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றாள். அவள் தம்பி போனை முகத்துக்கு நேரே பிடித்து, நிமிர்ந்து, அன்றைய தேதியைச் சத்தமாகச் சொன்னான். வராண்டாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று அவள் நினைத்தாள். திரை பச்சையானது.